வட ஆற்காட்டுக்கு ஒரு பலகை விளையாட்டு விருது: நடுவர் தீர்ப்பா, வாசகர் ஓட்டா?

காட்பாடிப்பகடை

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு சாயங்காலம் காந்திநகரில் கூடும் நம் குழுவில், கடையில் வாங்கிய பெட்டிகளைவிட நம்மவர்களே அட்டை வெட்டிக் கட்டம் போட்டுக் கொண்டு வரும் ஆட்டங்கள்தான் இப்போது அதிகம் மேசைக்கு வருகின்றன. குடியாத்தம், ஆம்பூர், ஆரணி என்று சுற்றிலும் ஆட்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரிவதில்லை. அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை, பழைய வட ஆற்காடு முழுவதற்கும், அதாவது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நான்கு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு விருது கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

வெளியூரில் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் படித்தேன். ஜெர்மனியில் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருதை விளையாட்டு விமர்சகர்கள் 1978இல் தொடங்கி, 1979இல் முதல் விருதைக் கொடுத்தார்கள். கத்தான் 1995இலும் கார்கசோன் 2001இலும் வாங்கியது இதைத்தான். பரிசுப் பணம் கிடையாது. ஜெயித்த ஆட்டத்தின் பெட்டியில் சிவப்புக் காய் சின்னத்தைப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்தச் சின்னத்துக்கு வெளியீட்டாளர் கட்டும் கட்டணத்தில்தான் விருது அமைப்பே நடக்கிறது. அமெரிக்காவில் ஒரிஜின்ஸ் விருதுகள் 1970களிலிருந்து வருகின்றன. இப்போது ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் நடக்கும் ஒரிஜின்ஸ் விழாவில் கொடுக்கிறார்கள். பலகை ஆட்டம், சீட்டு, ரோல்பிளேயிங், சிற்றுருவங்களை வைத்து ஆடும் மினியேச்சர் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு.

நமக்கு எது சரிப்படும்? யார் தேர்ந்தெடுப்பது? எத்தனை பிரிவு? தாயம், ஆடு புலி மாதிரி ஆட்டங்களை எங்கே வைப்பது? மனசில் பட்டதைச் சொல்லுங்கள்.

தோட்டப்பாளையம்_கணக்கு

தம்பி, நல்ல காரியம். முதல் வேண்டுகோள்: நடுவர்கள் உட்கார்ந்து ஆடிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன ஜெர்மன் விருதை முதலில் வாங்கிய ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முயல் ஆமைக் கதையை வைத்து டேவிட் பார்லெட் என்ற ஆங்கிலேயர் செய்த ஆட்டம் அது. ஓட்டப்பந்தயம்தான், ஆனால் நகரப் பகடை உருட்டுவது கிடையாது. கையில் உள்ள கேரட்டைச் செலவழித்து நகர வேண்டும். ஒரு கட்டம் நகர ஒரு கேரட், இரண்டு கட்டத்துக்கு மூன்று, மூன்றுக்கு ஆறு, நான்குக்கு பத்து, ஐந்துக்குப் பதினைந்து. எட்டாம் வகுப்பில் நாம் போர்டில் புள்ளி வைத்துக் காட்டும் முக்கோண எண்கள்! ஒரே தாவில் பத்துக் கட்டம் போனால் 55 கேரட் போய்விடும். அதே பத்துக் கட்டத்தை ஒவ்வொன்றாகப் போனால் பத்தே கேரட். கேரட் தீர்ந்தால் ஆமைக் கட்டத்துக்குப் பின்னால் போக வேண்டும், பின்னால் போகும் ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து கேரட் கிடைக்கும். கடைசியில் கையில் கேரட் அதிகமாக இருந்தாலும் கோட்டைத் தாண்ட முடியாது. அவசரப்பட்டவனும் தோற்பான், சேர்த்து வைத்தவனும் தோற்பான். கதை முழுவதும் அந்த ஒரு கணக்குக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இதைப் பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியுமா? படத்தைப் பார்த்தால் முயல் பொம்மை போட்ட குழந்தை ஆட்டம் என்றுதான் தோன்றும். இரண்டு மூன்று தடவை ஆடினால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். ஓட்டுப் போடுகிறவர் எத்தனை பேர் அப்படி ஆடியிருப்பார்கள்?

வாலாஜா_வேடதாரி

சார் சொல்வது புரிகிறது. ஆனால் ஓட்டே வேண்டாம் என்பதை ஏற்க முடியவில்லை. நான் ரோல்பிளேயிங் பக்கம். (தெரியாதவர்களுக்கு: ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி முடிவெடுப்பார்கள், சந்தேகமான இடத்தில் பகடை. 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதற்கெல்லாம் மூலம்.) எங்கள் பக்கம் பெரிய பெயர் என்னீஸ் விருது. என்வேர்ல்டு என்ற இணையதளத்தில் 2001இல் ஆரம்பித்தது, ஜென்கான் என்ற விளையாட்டு விழாவில் கொடுக்கிறார்கள். அங்கே ஐந்து நடுவர்கள் வந்த எல்லாவற்றையும் படித்துப் பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலுக்கு மக்கள் ஓட்டுப் போடுவார்கள். அந்த நடுவர்களையே மக்கள்தான் ஓட்டுப் போட்டு அமர்த்துகிறார்கள்.

அந்த மாதிரி செய்தால் ஆடிப் பார்க்கும் வேலையும் நடக்கும், விளையாடுகிறவர்களுக்கும் பங்கு இருக்கும். நான்கு மாவட்டத்துக்கான விருதை காட்பாடி மொட்டை மாடியில் ஐந்து பேர் முடிவு செய்தால் திருவண்ணாமலைக்காரர் ஏன் திரும்பிப் பார்க்க வேண்டும்? ஓட்டு இருந்தால் அவரும் நாலு பேரைக் கூட்டி வந்து ஆடவைப்பார். விருது என்பது ஆள் சேர்க்கும் வழியும்தான்.

சத்துவாச்சாரி_செல்வி

வேடதாரி தம்பி, ஆள் சேர்க்கலாம், ஆனால் ஓட்டு வேறு வழியில் போகும். வாட்ஸப் குழுவில் லிங்க் வரும், "நம்ம பையன் செய்தது, ஒரு ஓட்டுப் போடுங்க" என்று சித்தப்பா அனுப்புவார், நாமும் ஆட்டத்தைக் கண்ணால் பார்க்காமல் போட்டுவிடுவோம். பெரிய குடும்பம் உள்ளவர் ஜெயிப்பார். என்னீஸில் ஓட்டுப் போடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், ஒருத்தர் சொந்தபந்தம் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. நம் ஊரில் முடியும்.

நான் கேட்பது வேறு. விதிப் புத்தகத்தை யார் பார்க்கப் போகிறீர்கள்? ஜெர்மன் விருதில் நான்கு விஷயம் பார்ப்பார்களாம்: ஆட்டத்தின் கருத்து, விதிகளின் அமைப்பும் தெளிவும், பெட்டி பலகையின் அமைப்பு, பொருள்களின் செய்நேர்த்தி. விதி தெளிவாக இருக்கிறதா என்பதற்கு அங்கே தனி இடம். நம் குழுவில் வருகிற ஆட்டம் எதற்காவது எழுதிய விதி உண்டா? செய்தவர் பக்கத்தில் நின்று "இல்ல இல்ல, அந்தக் காய் அப்படிப் போகாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தால்தான் ஆட்டம் ஓடுகிறது. அவர் வராத வாரம் அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை.

எங்கள் வீட்டில் இறக்குமதிப் பெட்டி ஒன்று இருக்கிறது. விதி முழுக்க பொடி எழுத்தில் ஆங்கிலம். மாமியாருக்குத் தாயத்தில் ஒரு கட்டம் தப்பாது, காய் வைத்த இடத்தை மறக்கவே மாட்டார். அந்தப் பெட்டியைத் திறந்தால் மட்டும் நான் படித்துச் சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. ஆடத் தெரிந்தவரை அப்படி உட்காரவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் என் யோசனை: ஆட்டத்தைப் பார்த்தே இராத ஒரு குடும்பத்திடம் பெட்டியைக் கொடுக்க வேண்டும். தமிழ் விதித்தாளைப் படித்து அவர்களே ஆடி முடிக்க வேண்டும். செய்தவர் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. அதில் தேறிய ஆட்டம் மட்டும்தான் நடுவர்களிடம் போக வேண்டும்.

தோட்டப்பாளையம்_கணக்கு

செல்வியம்மா சொன்னதற்கு முழு ஆதரவு. இந்த ஒன்று போதும், விருது நிற்கும்.

ஆம்பூர்_துண்டுத்தோல்

செய்கிறவன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஷூ கம்பெனியில் வெட்டு மீதியாகும் தோல் துண்டுகளை வாங்கி, சூட்டில் கட்டம் அச்சு இறக்கி, சுருட்டிப் பையில் போடுகிற மாதிரி பலகை செய்கிறேன். மை போட்டு அச்சடித்தால் தோலின் சொரசொரப்புப் பக்கத்தில் கசிந்து கட்டமே கலங்கிவிடும், சூட்டு அச்சு வருஷக் கணக்கில் நிற்கும். அதில் நானே யோசித்த ஆட்டம் ஒன்றும் இருக்கிறது: பாலாற்றில் தண்ணீர் வருகிற நாளுக்குள் இரண்டு கரை ஊரும் ஏரிக் கால்வாயைத் தூர் வார வேண்டும்.

பணம் வேண்டாம், சின்னம் போதும் என்பதில் எனக்குச் சம்மதம். எதற்கு என்று சொல்கிறேன். நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 3(எம்): ஒரு ஆட்டத்தை ஆடும் முறைக்குக் காப்புரிமை கிடையாது. 1957 பதிப்புரிமைச் சட்டம் என் விதித்தாளின் வாசகத்தையும் படத்தையும் காப்பாற்றும், ஆட்டத்தின் யோசனையைக் காப்பாற்றாது. நாளைக்குப் பெரிய ஆள் யாராவது அதே ஆட்டத்தை வேறு படம் போட்டு விற்றால் நான் எங்கே போய் நிற்பது? இன்ன வருஷம், இன்னார், இந்த ஆட்டத்தைச் செய்தார் என்று பத்துப் பேர் அறிய ஒரு பதிவு இருந்தால் அதுவே எனக்குப் பெரிய சாட்சி. விருது வாங்காத ஆட்டத்தையும் அந்தப் பதிவில் சேருங்கள். அது என் பெரிய ஆசை.

இன்னொன்று, செய்கிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருளை விற்க ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும். கைவினைஞர் என்று மத்திய கைவினை ஆணையரிடம் பதிவு செய்தவர்களுக்கு விலக்கு இருக்கிறது. விருது கிடைத்து ஆர்டர் வந்தபிறகு ஓடாமல் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலாஜா_வேடதாரி

அண்ணா, அந்தப் பாலாறு ஆட்டம் எத்தனை பேர் ஆடலாம்?

ஆம்பூர்_துண்டுத்தோல்

இரண்டிலிருந்து நான்கு பேர். எல்லோரும் ஒரே பக்கம், சேர்ந்து ஜெயிக்க வேண்டும்.

ஆரணி_அக்கா

பழைய ஆட்டத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே? நான் பேசுகிறேன்.

ஆடு புலியை எடுத்துக்கொள்ளுங்கள். புலி மூன்று, ஆடு பதினைந்து, புள்ளி 23. ஆட்டை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும், பதினைந்தும் இறங்கும்வரை ஆடு நகரக் கூடாது. புலியோ முதலிலிருந்தே நகரும், தாவி வெட்டும். இரண்டு பக்கத்துக்கும் பலமும் வேறு, ஜெயிக்கும் வழியும் வேறு. ஆட்டுக்காரர் புலியை அடைக்க வேண்டும், புலிக்காரர் ஆட்டைக் கொல்ல வேண்டும். இன்றைக்கு வெளிநாட்டில் இப்படிச் சமமில்லாத இரண்டு பக்கம் வைத்து ஒரு ஆட்டம் செய்தால் அதைக் கொண்டாடுகிறார்கள். நம் ஊரில் கோயில் மண்டபத் தரையில் கீறி வைத்து ஆடியிருக்கிறார்கள். செய்தவர் பெயர் யாருக்கும் தெரியாது.

போட்டியில் அதைப் புது ஆட்டத்தோடு நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் தாயத்தை எடுத்துக்கொண்டால், விதி ஊருக்கு ஊர் மாறுகிறது. ஒரு காயாவது வெட்டாமல் உள் கட்டத்துக்குள் நுழையக் கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். நான் கல்யாணமாகிப் போன ஊரில் அது கிடையாது. வெட்டினால் மறு ஆட்டம் உண்டா இல்லையா என்பதில் ஒரே வீட்டில் சண்டை வரும். கட்டை இல்லாத வீட்டில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்துப் போடுவோம். இதையெல்லாம் தெரிந்த பாட்டிகள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். வைகுண்ட ஏகாதசி ராத்திரி பரமபதம் உருட்டுவது பல வீடுகளில் டிவி பார்ப்பதாக மாறியாகிவிட்டது.

டயானா ஜோன்ஸ் விருது என்று ஒன்று 2001இலிருந்து இருக்கிறது. அதை ஆட்டத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று கிடையாது, ஆளுக்கும் கொடுக்கலாம், அமைப்புக்கும் கொடுக்கலாம். விளையாட்டு உலகத்துக்கு நல்லது செய்தது எதுவோ அதற்கு. (அதன் கோப்பை என்ன தெரியுமா? இண்டியானா ஜோன்ஸ் ரோல்பிளேயிங் ஆட்டத்தை எரித்த மிச்சத்தைக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் அடைத்து வைத்திருக்கிறார்கள்!) அதைப்போல நாமும், ஒரு பழைய ஆட்டத்தின் விதியை ஒரு ஊர் வழக்கப்படி முழுக்க எழுதி, படம் போட்டு, பத்திரப்படுத்தியவருக்கு வருஷம் ஒரு மரியாதை செய்ய வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் பாட்டியிடம் கேட்டு எழுதட்டும். இதை விட்டுவிட்டு விருது கொடுத்தால் எனக்கு அது பாதி விருதுதான்.

குடியாத்தம்_சீட்டு

ஆரணி அக்காவுக்கு நன்றி. என் அம்மாவிடம் பல்லாங்குழி விதியை இன்று இரவே எழுதி வாங்கப் போகிறேன். குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுப்பது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது.

பிரிவு பற்றி. நிறையப் பிரிவு வைக்காதீர்கள். மேஜிக் த கேதரிங் 1993இல் வந்தபோது அது வாங்கிய ஒரிஜின்ஸ் விருது எதற்குத் தெரியுமா? சிறந்த மாயாஜால, அறிவியல் புனைவுப் 'பலகை ஆட்டம்'. பலகையே இல்லாத சீட்டு ஆட்டம் அது! உலகத்தையே மாற்றிய ஒரு ஆட்டம் வந்தபோது இருந்த பிரிவு எதிலும் அது அடங்கவில்லை. ஜெர்மன்காரர்களும் பிரிவை மெதுவாகத்தான் கூட்டினார்கள். குழந்தைகள் ஆட்டத்துக்குத் தனி விருது 2001இல். கொஞ்சம் கனமான ஆட்டங்களுக்கு முதலில் சிறப்புப் பரிசு கொடுத்துப் பார்த்தார்கள், 2006இல் கேலஸ், 2008இல் அக்ரிகோலா. அப்புறம்தான் 2011இல் தனி விருதாக்கினார்கள். ஆட்டங்கள் வர வரப் பிரிவு பிறக்கட்டும்.

சீட்டு என்றால் சூதாட்டம் என்று நினைக்கிற வீடுகளில்தான் நானும் வளர்ந்தேன். அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், சின்னப் பெட்டி என்று தள்ளாதீர்கள். 2013இல் ஜெர்மன் விருது வாங்கிய ஹனாபி வெறும் சீட்டு ஆட்டம்தான். தன் சீட்டு தனக்குத் தெரியாது, மற்றவர்களைப் பார்த்தபடி பிடிக்க வேண்டும், ஒருவருக்கொருவர் குறிப்புச் சொல்லி எல்லோரும் சேர்ந்து ஜெயிக்க வேண்டும்.

நான் செய்துகொண்டிருப்பது தமிழ்ச் சொல் ஆட்டம். ஆங்கிலத்தில் 26 எழுத்துக் கட்டை போதும், நமக்கு 247. அத்தனையும் அச்சடித்தால் பெட்டி மூடாது. அதனால் மெய்க்குப் பதினெட்டு வகை, உயிருக்குப் பன்னிரண்டு வகை. 'க்' சீட்டையும் 'ஆ' சீட்டையும் ஒட்டி வைத்தால் 'கா'. இதுவரை நன்றாகப் போகிறது. ஆனால் 'ஔ' வந்தவர் கையிலேயே அது ஆட்டம் முடியும்வரை தங்கிவிடுகிறது. 'ங்' வந்தால் பரவாயில்லை, தங்கம், சங்கு என்று இறக்கிவிடலாம். 'ஔ'வை எடுத்துவிடவும் மனசில்லை, ஔவையை எப்படி விடுவது? அதை எந்த உயிராகவும் ஆடலாம் என்று வைத்துப் பார்க்கிறேன்.

தோட்டப்பாளையம்_கணக்கு

அதை வைத்தவருக்கு ஒரு சீட்டுக் கூடுதல் என்று வைத்துப் பாருங்கள். எந்த உயிராகவும் ஆடலாம் என்றால் எல்லோரும் அதற்கே காத்திருப்பார்கள்.

குடியாத்தம்_சீட்டு

ஆமாம் சார், அதுதான் நடக்கிறது. மாற்றிப் பார்க்கிறேன்.

காட்பாடிப்பகடை

எல்லோருக்கும் நன்றி. இப்போது கஷ்டமான கேள்வி. நடுவர் யார்? ஜெர்மன் நடுவர் குழுவில் விமர்சகர்கள்தான், ஆட்டம் தயாரிக்கிற வேலையில் இருப்பவர்களுக்கு இடமில்லை. நம்மிடம் அப்படிப் பார்த்தால் நடுவருக்கு ஆளே கிடைக்காது. ஆட்டத்தைப் பற்றி நன்றாகப் பேசத் தெரிந்த எல்லோரும் ஏதாவது செய்துகொண்டிருக்கிறீர்கள்.

சத்துவாச்சாரி_செல்வி

அந்த வருஷம் ஆட்டம் அனுப்பினவர் அந்த வருஷம் நடுவராக இருக்கக் கூடாது. நடுவராக இருந்தால் அடுத்த வருஷம் அனுப்பலாம். அதோடு ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் ஒருவராவது வேண்டும், வேடதாரி தம்பியின் வருத்தம் நியாயமானதுதான். ஐந்து நடுவரில் இரண்டு பேர் விளையாட்டுக் குழுவிலேயே இல்லாதவராக இருக்கட்டும். நூலகர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர் என்று. தீர்ப்பை இரண்டு பக்கம் எழுதி வெளியிட வேண்டும். ஏன் இந்த ஆட்டம், மற்றதில் எது நன்றாக இருந்தது, எது சரியாக வரவில்லை. தோற்றவருக்கும் அதைப் படித்தால் அடுத்த வருஷத்துக்கு வேலை கிடைக்கும்.

வாலாஜா_வேடதாரி

எழுதி வெளியிடுவார்கள் என்றால் ஓட்டை விட்டுக்கொடுக்கிறேன் அக்கா. எனக்கு வேண்டியது வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதுதான். ஆனால் இரண்டு கேட்கிறேன். ஒன்று, ரோல்பிளேயிங் ஆட்டத்துக்குப் பலகையும் காயும் இருக்காது, ஒரு புத்தகம்தான். ஒரு குடும்பம் ஒரு மணி நேரத்தில் அதை ஆடி முடிக்காது. அதற்குச் சோதனைக் காலம் ஒரு மாதம் கொடுங்கள். இரண்டு, விருது நாளன்று பட்டியலில் உள்ள எல்லா ஆட்டமும் மேசையில் இருக்க வேண்டும், வந்தவர் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து ஆடலாம். மேடைப் பேச்சு அரை மணிக்கு மேல் போகக் கூடாது.

மினியேச்சர் பக்கம் நம் ஊரில் இன்னும் யாரும் செய்வதாகத் தெரியவில்லை. கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம் 1987இலிருந்து கோல்டன் டீமன் என்று சிற்றுருவத்துக்கு வண்ணம் தீட்டுவதற்கென்றே போட்டி நடத்துகிறது, எல்லாப் பிரிவிலும் சேர்த்துச் சிறந்ததற்கு ஒரு வாளே கொடுக்கிறார்கள். கொலு பொம்மைக்குக் கண் திறக்கிற கை நம்மிடம் இருக்கிறது. கரிகிரி மண்பாண்டக்காரர்களிடம் காய் செய்யச் சொல்லிக் கேட்டால் என்ன?

ஆரணி_அக்கா

கேளுங்கள். மண் காய் கையில் பிடிக்கக் கனமாக, நன்றாக இருக்கும்.

காட்பாடிப்பகடை

சரி, இதுவரை ஒத்துப்போனதை எழுதுகிறேன், ஆட்சேபம் இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.

முதல் வருஷம் ஒரே விருது, பிரிவு கிடையாது. அதோடு பழைய ஆட்டத்தின் விதியை எழுதியவருக்கு ஒரு மரியாதை, அதுவும் அதே மேடையில், அதே அளவு. பணம் இல்லை. சின்னம் உண்டு, அதற்குக் கட்டணமும் இல்லை. நம் ஆட்கள் விற்பதே கொஞ்சம், அதில் பங்கு கேட்க மனசு வரவில்லை. தமிழ் விதித்தாள் கட்டாயம், செல்வி அக்கா சொன்ன வீட்டுச் சோதனை கட்டாயம். வந்த எல்லா ஆட்டமும் வருஷம், ஊர், செய்தவர் பெயரோடு பதிவேட்டில் ஏறும். அதன் ஒரு பிரதியை மாவட்ட மைய நூலகத்தில் வைக்க முடியுமா என்று நான் போய்க் கேட்கிறேன். நடுவர் விஷயத்தில் அக்கா சொன்ன விதியே.

தேதிதான் பாக்கி. மே மாதம் பள்ளி விடுமுறையில் வைக்கலாமா?

குடியாத்தம்_சீட்டு

மே நடுவில் எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, வைகாசி ஒன்றாம் தேதி. அந்த வாரம் எங்கள் ஊரிலிருந்து ஒருத்தரும் வர மாட்டோம். மே முதல் ஞாயிறு வையுங்கள். வெயிலுக்கு முன்னால் காலையிலேயே தொடங்கினால் நல்லது.

ஆம்பூர்_துண்டுத்தோல்

மே முதல் ஞாயிறு எனக்கும் சரி. பிப்ரவரிக்குள் விதித்தாளை எழுதிவிடுகிறேன். சோதனைக்கு எத்தனை பிரதி வேண்டும்? ஒரு பலகைக்கு அச்சு இறக்கக் கொஞ்சம் நாள் பிடிக்கும், முன்கூட்டிச் சொன்னால் தோல் எடுத்து வைப்பேன்.

சத்துவாச்சாரி_செல்வி

இரண்டு போதும் அண்ணா. ஒன்று சோதனை வீட்டுக்கு, ஒன்று நடுவர்களுக்கு. விதித்தாளில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.